எஜமான் யார்?

மேல்நாட்டுச் சங்கீதத்தில் 'கன்செர்ட்டோ' என்று ஒரு வகை உண்டு. எண்பது, நூறு பேர் கொண்ட வாத்தியக் கோஷ்டி மேடை நிறைய உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கு முன்னால், ரஸிகர்களுக்கு வெகு சமீபத்தில், ஒரு பெரிய பியானோவை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருப்பார்கள். அந்தக் கோஷ்டியைச் சேராத ஒரு வித்துவான், விருந்தாளியாக வந்தவர், அதன் முன் அமர்வார். அவர் ஒருவர் ஒரு கட்சி. கோஷ்டி முழுவதும் மறு கட்சி. இரண்டு கட்சிகளும் அரை மணி, முக்கால் மணி நேரம் வாதாடும், கொஞ்சும், கோபித்துக்கொள்ளும், கடைசியில் சமாதானமாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் கையில் மெல்லிய கோலுடன் நிற்பவர்தான் கண்டக்டர். கண்டக்டர் என்றதும் தோல் பையும் விசிலும் ஞாபகத்துக்கு வந்தால் அது நம்முடைய குற்றமல்ல. அந்த வார்த்தையைப் பஸ்காரர்கள் முந்திக்கொண்டு நமக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நம் கச்சேரியில் இந்தச் சிக்கல் கிடையாது. பாடுகிறவர் எடுத்த காலப்பிரமாணம்தான் காலப்பிரமாணம். மிருதங்கக்காரருக்கு அது பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிக்கொள்வார். மேடையில் சொல்ல மாட்டார். சிம்பனிக் கச்சேரியில் அந்த அதிகாரம் கண்டக்டருக்கு. அவர் கோல் இறங்கின இடத்தில் நூறு வில்களும் இறங்க வேண்டும். ஆனால் பியானோ வித்துவான் விருந்தாளியாக வந்து உட்காருகிற அன்று மட்டும் ஒரே உறையில் இரண்டு கத்திகள்.

ஆதியில் இப்படி இல்லை. மொஸார்ட் தம்முடைய கன்செர்ட்டோக்களைத் தாமே வாசித்து, வாசித்துக்கொண்டே கோஷ்டியையும் நடத்தினார். இயற்றியவரும் அவரே, வாசிப்பவரும் அவரே. யார் பெரியவர் என்று கேட்க அங்கே இரண்டு பேர் இருந்தால் அல்லவா? பீத்தோவன் தம் நாலாவது பியானோ கன்செர்ட்டோவை 1808 டிசம்பர் 22ஆம் தேதி வியன்னாவில், குளிர் காய வழியில்லாத ஒரு நாடகக் கொட்டகையில், நாலு மணி நேரக் கச்சேரியின் ஒரு பகுதியாகத் தாமே வாசித்துக் காட்டினார். பிறகு கோஷ்டிகள் பெருத்தன. அவற்றை மேய்ப்பதே ஒரு தனித் தொழிலாயிற்று. அந்தத் தொழிலுக்குக் கீர்த்தி வந்தது. கீர்த்தியோடு கர்வமும் வந்தது. பியானோ வித்துவான்களும் கர்வத்தில் ஒன்றும் இளைத்தவர்களல்ல. ஆனாலும் இவர்களுக்குள் நடக்கும் சண்டையெல்லாம் ஒத்திகை அறையோடு நின்றுவிடும். சபையின் முன் இருவரும் கை குலுக்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வந்து நிற்பார்கள்.

அந்தச் சண்டையை ஒரே ஒரு தடவை, ரஸிகர்களின் முகத்துக்கு நேரே, ஒரு கண்டக்டர் பேசிவிட்டார். நியூயார்க்கில், கார்னகி மண்டபத்தில், 1962 ஏப்ரல் மாதம் அது நடந்தது. கண்டக்டர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன். விருந்தாளி, கானடாவிலிருந்து வந்த கிளென் கூல்ட். வாசிக்கப்பட்ட உருப்படி, பிராம்ஸின் முதல் பியானோ கன்செர்ட்டோ.

உருப்படியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது வெறும் வம்பாகிவிடும்.

யோஹான்னஸ் பிராம்ஸுக்கு இருபது வயதாயிருந்தபோது, 1853ஆம் ஆண்டில், ராபர்ட் ஷூமன் என்ற பெரிய சங்கீதக்காரர் அவரைத் தம் வீட்டில் வரவேற்று, இதோ வர வேண்டியவன் வந்துவிட்டான் என்று பத்திரிகையில் எழுதினார். சில மாதங்கள்தாம் சென்றன. 1854 பிப்ரவரி 27ஆம் தேதி, சித்தம் கலங்கிய ஷூமன் வீட்டை விட்டு வெளியேறி ரைன் நதியில் குதித்தார். அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் இருந்த இடம் ஒரு மனநோய் விடுதி. 1856 ஜூலையில் அங்கேயே இறந்தார். செய்தி கேட்டு ஓடி வந்த பிராம்ஸ், ஷூமனின் மனைவி கிளாராவுக்கும் குழந்தைகளுக்கும் துணையாகப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். கிளாராவும் ஐரோப்பா அறிந்த பியானோ மேதை. பிராம்ஸைவிடப் பதினாலு வயது மூத்தவள். அவளிடம் அந்த இளைஞனுக்கு இருந்தது பக்தியா, காதலா என்று சங்கீத சரித்திரக்காரர்கள் இன்னும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சந்தேகமே வராது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்று யார் சொன்னார்கள்?

அந்த நாட்களில் எழுதத் தொடங்கியதுதான் இது. முதலில் இரண்டு பியானோக்களுக்கான ஸொனாட்டாவாக இருந்தது. பிறகு சிம்பனியாக மாற்றப் பார்த்தார். அது சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் கன்செர்ட்டோ ஆயிற்று. ஆரம்பமே ஒரு பயங்கரம். தாழ்ந்த ஸ்தாயியில் முரசு இடைவிடாமல் உருள, அதன் மேல் வயலின்கள் நடுங்கி நடுங்கி ஒரு கூச்சல் போடும். ஷூமன் நதியில் குதித்த செய்திதான் இந்த இடம் என்று சொல்வதுண்டு. நடுப் பகுதி நேர் விரோதம். கோவிலுக்குள் நுழைந்தது போன்ற அமைதி. அதில் உன்னுடைய சாந்தமான உருவத்தைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பிராம்ஸ் கிளாராவுக்கே கடிதம் எழுதினார்.

1859 ஜனவரி 22ஆம் தேதி ஹனோவரில் அரங்கேற்றம். பிராம்ஸ் பியானோ; நண்பர் யோவாகிம் கோலைப் பிடித்தார். ஏதோ மரியாதையாக நடந்தது. ஐந்து நாள் கழித்து லைப்ஸிக் நகரத்தில், கெவாண்ட்ஹவுஸ் என்னும் பிரசித்தி பெற்ற மண்டபத்தில் மறுபடியும் வாசித்தார். முதல் பகுதி முடிந்தது, சத்தமே இல்லை. இரண்டாவது முடிந்தது, அப்போதும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு இரண்டு மூன்று ஜோடிக் கைகள் தட்டப் பார்த்தன. உடனே நாலு பக்கத்திலிருந்தும் 'உஸ்' என்று சீறல் கிளம்பிவிட்டது. பிராம்ஸுக்கு அப்போது வயது இருபத்தைந்து. இந்தத் தோல்வியை அவர் யோவாகிமுக்கு எழுதிய கடிதத்தில் ஒளிக்காமல், கொஞ்சம் வேடிக்கையாகக்கூட வர்ணித்திருக்கிறார்.

லைப்ஸிக்காரர்கள் ஏன் சீறினார்கள்? அவர்களுக்கு எதிர்பார்ப்பு ஒன்று இருந்தது. கன்செர்ட்டோ என்றால் பியானோக்காரன் வித்தை காட்ட வேண்டும். விரல்கள் பறக்க வேண்டும். கோஷ்டி பின்னால் அடக்கமாகத் தாளம் போட வேண்டும். இந்தப் பையனோ, தொண்ணூறு தாளக்கட்டு வரையில் பியானோவைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! வாசிக்க ஆரம்பித்த பிறகும் கோஷ்டியில் ஒருவன் போலவே வாசிக்கிறான். கஷ்டமான இடங்கள் ஏராளம். ஆனால் கஷ்டம் வெளியே தெரிந்து கைதட்டல் வாங்குகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. அதாவது, எஜமான் யார் என்ற கேள்வி அந்த உருப்படியின் எலும்புக்குள்ளேயே இருந்தது. இரண்டே மாதத்தில் சொந்த ஊரான ஹாம்பர்க்கில் அதற்கு நல்ல வரவேற்புக் கிடைத்தது. காலப்போக்கில் உலகத்தில் பியானோ வாசிப்பவர்களெல்லாம் ஏறிக் காட்ட வேண்டிய மலையாகவும் ஆகிவிட்டது.

இனி நியூயார்க்குக்குப் போகலாம்.

லெனார்ட் பெர்ன்ஸ்டைனுக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. 1958 முதல் நியூயார்க் பில்ஹார்மோனிக் கோஷ்டிக்குத் தலைவர். அழகர், பேச்சில் மன்னர், டெலிவிஷனில் குழந்தைகளுக்குக்கூடச் சிம்பனியைப் பற்றிப் பாடம் சொல்லி வீட்டுக்கு வீடு அறிமுகமானவர். கோலைப் பிடித்துக்கொண்டு குதிப்பார், வியர்ப்பார், கண்ணீர் விடுவார். கிளென் கூல்டுக்கு இருபத்தொன்பது வயது. 1955இல் பாஹின் 'கோல்ட்பெர்க்' உருப்படியை இசைத்தட்டில் கொடுத்து ஒரே நாளில் பிரசித்தமானவர். அவருடைய விசித்திரங்களுக்கு ஒரு தனிக் கட்டுரை வேண்டும். தகப்பனார் காலை அறுத்து உயரம் குறைத்துக் கொடுத்த ஒரு மடக்கு நாற்காலி. உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் அதுவும் கூடப் போகும். தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் உட்கார்ந்து, பியானோவின் கட்டைகளுக்கு மூக்கை நேராக வைத்துக்கொண்டு வாசிப்பார். வாசிக்கும்போது கூடவே முனகுவார். கோடைக்காலத்திலும் ஓவர்கோட், கையுறை, கழுத்துத் துணி. கடைசி நிமிஷத்தில் உடம்பு சரியில்லை என்று கச்சேரியை ரத்து செய்வதிலும் பேர் போனவர்.

பெர்ன்ஸ்டைனுக்கு இவரிடம் மிகுந்த பிரியம். 1957இல் இருவரும் சேர்ந்து பீத்தோவனின் இரண்டாவது கன்செர்ட்டோவை இசைத்தட்டாகப் பதிவு செய்திருந்தார்கள். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு வந்த கூல்ட், ரோமத் தொப்பியைக் கழற்றவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாராம். கழற்றினால் உள்ளே தலைமயிர் சடையாகிக் கிடந்தது. பெர்ன்ஸ்டைனின் மனைவி ஃபெலிஸியா, அவரைக் குளியலறைக்கு அழைத்துப் போய்த் தலையை அலசி, முடியையும் வெட்டிவிட்டாள். கூல்ட் இறந்த பிறகு பெர்ன்ஸ்டைன் எழுதிய நினைவுக் குறிப்பில் இது இருக்கிறது. பின்னால் நடந்ததைப் பகை என்று வர்ணிக்கிறவர்கள் இந்தத் தலைமுழுக்கை மறந்துவிடக் கூடாது.

கூல்ட் பிராம்ஸின் உருப்படியைப் பிரித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வழக்கமாக இதை வாசிப்பவர்கள் கோபமான இடத்தில் வேகம் கூட்டி, இளகின இடத்தில் குறைத்து, மேட்டையும் பள்ளத்தையும் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள்; அது தனி வித்துவானின் டம்பம். உண்மையில் இது ஒரே சீரான நடையில், அவசரமில்லாமல் போக வேண்டியது. முதல் பகுதிக்கும் நடுப் பகுதிக்கும் ஒரே கணக்குத்தானே, ஆறு எண்ணிக்கைதானே? அப்படியிருக்க இரண்டுக்கும் நடையில் அத்தனை வித்தியாசம் எதற்கு? பியானோ கோஷ்டியோடு மல்லுக்கு நிற்கவே வேண்டாம். அதற்குள் கரைந்துவிட்டால் போதும். இதுதான் அவர் கட்சி. தனி வித்துவான் தம்மை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடி, அந்த வாதத்தை அத்தனை பேர் மேலும் திணித்த தனி வித்துவான் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

காகிதத்தில் இது நியாயமாகத் தோன்றும். நடைமுறையில் ஊதுகுழல்காரர்களைக் கேட்க வேண்டும். ஒரே மூச்சில் ஊதி முடிக்க வேண்டிய சொற்கட்டு, காலை நீட்டினால் ஒன்றரை மூச்சாகிவிடும். வயலின்காரரின் வில்லுக்கு இருக்கிற நீளம்தான் இருக்கிறது. கூல்டின் சித்தாந்தத்துக்காக அது வளராது. பெர்ன்ஸ்டைன் ஒத்திகையில் மன்றாடிப் பார்த்தார். கூல்ட் கொஞ்சம்கூட இறங்கவில்லை.

ஏப்ரல் 5 வியாழக்கிழமை முதல் கச்சேரி. மறுநாள் 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரண்டாவது. முன்பாதியில் டென்மார்க் தேசத்து கார்ல் நீல்ஸன் இயற்றியவை. இடைவேளைக்குப் பிறகு பிராம்ஸ். பியானோ தயாராக நிற்கிறது. முதல் வயலின்காரர் சுருதி சரி பார்த்தாயிற்று. வித்துவானும் கண்டக்டரும் சேர்ந்து வர வேண்டிய நேரத்தில் பெர்ன்ஸ்டைன் மட்டும் தனியாக வந்து நின்றார். சபையில் சலசலப்பு. விருந்தாளி இன்றைக்கும் ஓடிவிட்டாரா?

பயப்பட வேண்டாம், மிஸ்டர் கூல்ட் வந்திருக்கிறார் என்று அவர் ஆரம்பித்ததும் சபை சிரித்தது. பிறகு அவர் சொன்னதன் சாரம் இது: இன்று நீங்கள் கேட்கப் போவது, நான் இதுவரை கேட்டிராத, கனவிலும் நினைத்திராத ஒரு பிராம்ஸ். வேகம் மிகவும் மந்தம். பிராம்ஸ் குறித்து வைத்த ஏற்ற இறக்கங்களிலிருந்தும் பல இடங்களில் விலகல். மிஸ்டர் கூல்டின் கருத்தோடு நான் முழுதும் உடன்படுவதாகச் சொல்ல முடியாது. அப்படியானால் நான் ஏன் இதை நடத்துகிறேன்? அவர் அத்தனை சிரத்தையுள்ள கலைஞர். அவர் நல்லெண்ணத்தோடு ஒன்றை நினைத்தால் அதை நான் அலட்சியம் செய்ய முடியாது. ஆனாலும் பழைய கேள்வி இருக்கவே இருக்கிறது: கன்செர்ட்டோவில் எஜமான் யார், வாசிக்கிறவரா, கண்டக்டரா? ஆளைப் பொறுத்து, சில சமயம் இவர், சில சமயம் அவர். பெரும்பாலும் நயத்தாலோ பயத்தாலோ ஒருமைப்பாடு வந்துவிடும். எனக்குச் சற்றும் ஒவ்வாத கருத்துக்கு நான் தலை வணங்கியது வாழ்க்கையில் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான். அது, போன தடவை மிஸ்டர் கூல்டோடு வாசித்தபோது!

இங்கே மண்டபம் அதிர்ந்தது. 2,800 பேர் உட்காரும் மண்டபம் அது. வேறு வித்துவானைப் போட்டிருக்கலாம், அல்லது உதவிக் கண்டக்டரிடம் கோலைக் கொடுத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்றும் அவரே கேட்டுக்கொண்டு, சில இடங்கள் அதிசயமான புதுமையோடு ஒளிர்கின்றன, இந்த மனிதரிடமிருந்து நாம் எல்லாருமே ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று பதில் சொன்னார். தமக்கு முன் அதே கோஷ்டியை நடத்திய மித்ரோபூலஸ், சங்கீதத்தில் விளையாட்டு அம்சம் ஒன்று உண்டு என்று சொல்வாராம். அந்த உணர்ச்சியோடு இதைக் கேளுங்கள் என்று முடித்தார்.

பேச்சு பண்புள்ள பேச்சு, சந்தேகமில்லை. இப்படிப் பேசப் போவதைக் கூல்டிடம் முன்பே சொல்லி, அவருடைய சம்மதத்தையும் வாங்கியிருந்தார் என்று பெர்ன்ஸ்டைன் பின்னால் எழுதினார். கூல்டும் அதை ஆட்சேபித்ததில்லை. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. விருந்தாளி இலையில் உட்காருமுன், 'இன்றைக்குச் சமையல் அவர் இஷ்டப்படி. உப்பைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்' என்று பந்தியில் சொன்னால் சாப்பிடுகிறவர்கள் எதைத் தேடுவார்கள்? உப்பைத்தான் தேடுவார்கள். அன்று அந்தச் சபை பிராம்ஸைக் கேட்கவில்லை, வேகத்தைக் கேட்டது. ரஸிகர்களாக வந்தவர்களை நாலே நிமிஷத்தில் ஜூரிகளாக்கிவிட்டார் பெர்ன்ஸ்டைன். வேறொரு வழி அவருக்கு இருந்தது: வாயைத் திறக்காமல் நடத்தியிருக்கலாம். பழி தம் மேலும் பாதி விழுந்திருக்கும். பாதிப் பழியைச் சுமப்பதும் எஜமான வேலையில் சேர்ந்ததுதானே?

வாசிப்பு சுமார் 53 நிமிஷம் நடந்தது. மற்றவர்கள் சாதாரணமாக 45 முதல் 50 நிமிஷத்துக்குள் முடிப்பார்கள். இவ்வளவுதானா வித்தியாசம் என்று வாசகர்கள் கேட்கலாம். அகராதியைப் படிக்கும்போது ஐந்து நிமிஷம் பெரிதல்ல. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பெரிது. அன்றைய ஒலிப்பதிவைக் கேட்கிறவர்களுக்கு அந்த ஆரம்பக் கூச்சல் புயலாக வராது. மெதுவாக இடிந்து சரியும் மலையாக வரும். முதல் பகுதியில் சில இடங்கள் இழுத்து இழுத்துச் சோர்ந்து விழுகின்றன என்பது என் அபிப்பிராயம். ஆனால் பியானோ தனியாகப் பேசும் இடங்களில், ஒவ்வொரு விரலும் தனித்தனிக் குரலாகக் கேட்கிறது. வேகத்தில் மற்றவர்கள் விழுங்கிவிடுகிற நடுக் குரல்கள் எழுந்து நிற்கின்றன. நடுப் பகுதியில் கிளாராவின் உருவம் தெரிகிறதோ இல்லையோ, ஒருவர் தனிமையில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. முடிவில் பலத்த கரகோஷம். கைதட்டலையே தடை செய்ய வேண்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கூல்ட் ஒரு சங்கீதப் பத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தார்!

ஜூரியின் தீர்ப்பு மறுநாள் காலையில் வந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் பிரதம சங்கீத விமரிசகர் ஹரால்ட் ஷோன்பெர்க், காலஞ்சென்ற ஒரு பியானோ மேதைக்குக் கடிதம் எழுதுவது போலக் கேலியாக விமரிசனம் எழுதினார். பேசியதற்காகக் கண்டக்டருக்கும் ஒரு குட்டு. கூல்ட் மெதுவாக வாசித்ததற்குக் காரணம், வேகமாக வாசிக்க விரல் பலம் போதாமையோ என்ற பொருளில் ஒரு ஊசியும் அதில் இருந்தது. விமரிசகர்கள் தவறாகச் சொல்வது புதிதல்ல. இது அநியாயமாகவும் இருந்தது. கூல்டின் கோல்ட்பெர்க் இசைத்தட்டைக் கேட்டவர் எவரும் அவருக்கு வேகம் வராது என்று சொல்ல முடியாது. 1955இல் அதை வாசிக்க அவர் எடுத்துக்கொண்டது 38 நிமிஷம். 1981இல் அதையே மறுபடி பதிவு செய்தபோது 51 நிமிஷம். சில பகுதிகளைத் திருப்பி வாசித்ததும் ஒரு காரணம். ஆனாலும் அந்த ஆரம்ப ராகத்தை இரண்டு தட்டுகளிலும் கேட்டால் ஒரே ஆள் வாசித்தது என்று சத்தியம் செய்தாலும் நம்புவது கஷ்டம். ஒரு உருப்படிக்குத் தகுந்த வேகம் ஒன்றுதான் என்பதைக் கூல்ட் தம்முடைய வேகத்துக்கே கூட ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தக் கச்சேரி ஏற்படுத்திய புண்ணால்தான் கூல்ட் மேடையை விட்டே போய்விட்டார் என்று சிலர் கதை கட்டினார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அல்ல. முப்பது வயதுக்குள் மேடையை விட்டுவிடுவேன் என்று அவர் வெகு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். 1964 ஏப்ரல் 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் வாசித்தார். அதோடு சரி, ரஸிகர்களின் முன் மறுபடி உட்காரவில்லை. அப்போது வயது முப்பத்தொன்று. கச்சேரி என்ற வழக்கமே நூறு வருஷத்தில் ஒழிந்துவிடும், ஒலிப்பதிவு அறைதான் சங்கீதத்தின் எதிர்காலம் என்று எழுதினார். ஒலிப்பதிவு அறையில் கண்டக்டரும் இல்லை, சபையும் இல்லை. பிடிக்காத இடத்தை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். அங்கே எஜமான் யார் என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. 1982 அக்டோபர் 4ஆம் தேதி, ஐம்பது வயது நிறைந்த ஒன்பதாம் நாள், டொரான்டோவில் இறந்தார்.

பெர்ன்ஸ்டைன் 1990 அக்டோபர் வரை இருந்தார். அதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், வியன்னா நகரத்துக் கோஷ்டியோடு, கிறிஸ்டியன் ஸிமர்மன் என்ற போலந்து தேசத்து இளைஞரை வைத்துக்கொண்டு இதே பிராம்ஸ் கன்செர்ட்டோவைப் பதிவு செய்தார். இந்தத் தடவை முன்னறிவிப்பு ஒன்றும் கொடுக்கவில்லை. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அது சுமார் 54 நிமிஷம் ஓடுகிறது.

கார்னகி மண்டபத்து ஒலிப்பதிவு வெகு காலம் திருட்டுப் பிரதிகளாகக் கை மாறிக்கொண்டிருந்து, 1998இல்தான் முறையாகக் குறுந்தகடாக வெளிவந்தது. பெர்ன்ஸ்டைனின் பேச்சும், ரஸிகர்களின் சிரிப்பும் அதில் அப்படியே இருக்கின்றன. சிரிப்பு அடங்கியதும் முரசு உருள ஆரம்பிக்கிறது.